நானூற்று இரண்டாம் தடம்

டிசம்பர் 9

இன்று காலை பத்தரை மணிக்கு, சத்துவாச்சாரியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், என் பெயர் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டதைக் கண்ணால் கண்டேன்.

வருங்காலத் தலைமுறைக்காக என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன். கோதண்டபாணி, வயது ஐம்பத்தொன்பது, கட்டைப் பிரம்மச்சாரி. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே ஹார்ட் டிஸ்க் ஒன்றின் வயிற்றைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, அதை மறுபடியும் ஓட வைத்த ஒரே மனிதன். (பதினோரு நிமிடம் ஓடியது.) காகிதப்பட்டறையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை திறந்தபோது வேலூர் வெயில் இரண்டு டிகிரி குறைந்ததாகச் சொல்வார்கள். ஊரிலேயே முதன்முதலில் ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் கடை என்னுடையது.

அக்கா செண்பகவல்லி. பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அவளுடைய ஒரே மகள் நித்திலாவுக்குத் தை மாதம் இருபத்தைந்தில் கல்யாணம். பத்திரிகையின் மாதிரித் தாளை என் கையில் கொடுத்தாள். எல்லோர் பெயரும் இருந்தன. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மருமகன் பெயர்கூட பட்டத்தோடு இருந்தது. "தாய்மாமன்" என்று அச்சடித்து, பக்கத்தில் வெறும் வெள்ளை.

"அக்கா, அச்சுப்பிழை."

"இல்ல."

"என் பேர் விட்டுப்போச்சே."

"விட்டுப்போகல. விட்டேன்."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வாயில் புடவைத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கனத்தைக் கொண்டே தெரிந்துவிட்டது. செங்கல் அளவு, செங்கல் கனம். இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க். 1990.

"இதுல என் நத்தை இருக்கு. எடுத்துக் குடு. பேரு போடறேன்."

"அக்கா, இது செத்து முப்பத்துமூணு வருஷம்..."

"ஜனவரி பத்தாம் தேதி பிரஸ்ஸுக்குப் போகுது. மார்கழியில பத்திரிகை வைக்கிறதில்ல, தை பொறந்ததும் வைக்கணும். அதுக்குள்ள குடுத்தா மணமேடையில நீ மாலை எடுத்துக் குடுப்ப. இல்லன்னா அந்தக் கும்மிடிப்பூண்டிக்காரன் எடுத்துக் குடுப்பான்."

மாமா, அதாவது அக்காவின் கணவர், செய்தித்தாளைச் சற்று உயர்த்தி முகத்தை முழுதாக மறைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

டிசம்பர் 10

நத்தை விவகாரத்தை எழுதாவிட்டால் புரியாது. அக்கா வேலூர்க் கோட்டை அகழியில் வாழும் நத்தைகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருடம் ஆராய்ந்தாள். அகழியில் இறங்கி, முழங்கால் அளவு பாசியில் நின்று, நத்தைகளை எண்ணினாள். நத்தைகளே அவளைப் பார்த்துச் சலித்துப்போய் வேகமாக நடந்தன என்று கேள்வி. 1990 மே மாதம் முழுவதையும் மொட்டை மாடியிலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையில், நான் இரவலாகக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஐந்து அத்தியாயங்களையும் அடித்து முடித்தாள். பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு முறை தவணை கொடுத்திருந்தது. மூன்றாவது கிடையாது. அச்செடுப்பதற்காக இயந்திரத்தை என் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே டிஸ்க் படிக்கவில்லை.

கரண்டு போனதுதான் காரணம்.

கையெழுத்து நோட்டுகள்? "கம்ப்யூட்டர்ல ஏறினப்புறம் காகிதம் எதுக்குக்கா, கற்காலமா?" என்று நானே அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடச் சொல்லியிருந்தேன். ஃப்ளாப்பியில் ஒரு நகல்? "ஃப்ளாப்பியெல்லாம் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு" என்றும் சொல்லியிருந்தேன். என் சொல்வன்மை அப்படிப்பட்டது.

அக்கா டாக்டர் ஆகவில்லை.

டிசம்பர் 12

எக்ஸ்டி என்ற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், அதன் கன்ட்ரோலர் கார்டு, இரண்டு பட்டைக் கேபிள்கள் எல்லாமே என்னிடம் இருக்கின்றன. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. நான்கு காக்ரோச்சுகளை மட்டும் வெளியேற்றினேன். மூன்று போயின.

நித்திலா மடிக்கணினியோடு வந்தாள். பெங்களூரில் மென்பொருள் வேலை. இருபத்தொன்பது வயதில் ஹார்ட் டிஸ்க் சத்தத்தையே கேட்டதில்லை என்கிறாள். பாவப்பட்ட தலைமுறை.

"மாமா, இதுல தட்டைப் படிக்கிற ஹெட் எப்படி சரியான இடத்துக்குப் போகும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! எழுந்து நின்று விளக்கினேன். மழை நாளில் டவுன் பஸ்ஸில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். வெளியே எதுவும் தெரியாது. எந்த ஸ்டாப் வந்தது என்று எப்படித் தெரியும்? எண்ணிக்கொண்டே வர வேண்டியதுதான். அதுதான் கன்ட்ரோலர். தட்டில் அறுநூற்றுப் பதினைந்து வட்டத் தடங்கள். ஒரு துடிப்பு அனுப்பினால் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படி நகரும், ஹெட் ஒரு தடம் தாண்டும். முந்நூறாம் தடம் வேண்டுமா, முந்நூறு துடிப்பு. போய்ச் சேர்ந்தபின் ஷட்டரை ஒரு விரற்கடை தூக்கிப் போர்டைப் படிக்கும். வேறு ஊர்ப் பெயர் இருந்தால், அல்லது போர்டே தெரியாவிட்டால், பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய், பூஜ்ஜியத்தில் முட்டி நின்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணும்.

"இப்ப வர்ற டிஸ்க்கும் அப்படித்தானா?"

"இப்ப வர்றதெல்லாம் தடத்தை மோப்பம் புடிச்சிட்டே போகும். ஒரு மயிரிழை விலகினாலும் தானே திருத்திக்கும். இது அப்படியில்ல. எண்ணினா எண்ணினதுதான். தன்மானம்!"

பிறகு பார்க் செய்வதைப் பற்றியும் சொன்னேன். கரண்டை அணைக்கும் முன் PARK என்று ஒரு கட்டளை அடிக்க வேண்டும். ஹெட் நகர்ந்து, எழுத்தே இல்லாத கடைசி ஓரத்தில் போய்ப் படுக்கும். அடிக்காமல் அணைத்தால், கடைசியாக எந்தத் தடத்தைப் படித்ததோ அதன் மேலேயே விழுந்து கிடக்கும். அந்த நிலையில் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினால் தட்டைக் கீறிவிடும். மாவட்டத்திலிருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் நான் ஒட்டிய சீட்டை நித்திலாவிடம் காட்டினேன்: "அணைக்கும் முன் பார்க் செய்க. செய்யாதவர் நரகம் புகுவர். இப்படிக்கு, கோதண்டபாணி."

"அப்ப அம்மா டிஸ்க்கையும் பார்க் பண்ணீங்கல்ல?"

"காபி ஆறுது, குடி."

டிசம்பர் 13

தேதி: மேற்படி. வேலை: ஏ.சி. அறையில் மின்சாரம் கொடுத்தல். விளைவு: முப்பத்துமூன்று வருடம் தூங்கியது எழுந்து சுற்றியது! விமானம் கிளம்புவது போன்ற ஓசை. பக்கத்து வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு: டர்ர்ர்ர்-டக். டர்ர்ர்ர்-டக். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது, எண்ணுகிறது, ஷட்டரைத் தூக்குகிறது, போர்டு தெரியவில்லை, திரும்பி வருகிறது.

டிசம்பர் 15

கேபிளை மாற்றினேன். கார்டை மாற்றினேன். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்தேன், இயந்திரங்களுக்குக் குளிர்ச்சி நல்லது என்பதால். டர்ர்ர்ர்-டக்.

"அன்னிக்கு என்னதான் ஆச்சு மாமா?"

"கரண்டு போச்சு."

"யு.பி.எஸ். விக்கிற கடையிலயா?"

இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ.

டிசம்பர் 17

டர்ர்ர்ர்-டக். இருநூற்றுப் பதினாறு முறை. நானும் கூடவே எண்ணினேன்.

டிசம்பர் 18

அக்கா போன் செய்தாள். பேசியது முழுதும்: "கும்மிடிப்பூண்டிக்காரன் வேட்டி சைஸ் கேட்டுகினு போன் பண்ணான்."

டிசம்பர் 20

விஞ்ஞானம் பன் கடையில் பிறக்கும் என்று எவனாவது எழுதி வைத்திருக்கிறானா? இதோ நான் எழுதுகிறேன்.

மாலை நாலு மணிக்கு ரஹ்மத்துல்லா பாயின் பேக்கரியில் நின்றிருந்தேன். பாய் ஒரு தகர டின்னின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் இழுத்தேன். அவர் இழுத்தார். டின் எங்கள் இருவரையும் இழுத்தது.

"சூடா இருக்கறப்ப மூடிட்டேன் சார். ஆறினதும் கப்புன்னு புடிச்சிகிச்சு. இருங்க." அடுப்பு வாயில் ஒரு நிமிடம் காட்டினார். விரலால் தட்டினார். மூடி கழன்று தரையில் உருண்டது.

பாதி பன் என் வாயில் இருந்தது. அப்படியே நின்றேன்.

உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அலுமினியத் தட்டும் அப்படித்தான். அக்கா அந்தத் தடங்களில் எழுதியது கத்திரி வெயிலில், வேலூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே! அந்தச் சூட்டில் தட்டு எவ்வளவு விரிந்திருக்கும்! நானோ மார்கழியில் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, சுருங்கிப்போன தட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஹெட் சரியாகத்தான் எண்ணுகிறது. ஊர்தான் நகர்ந்துவிட்டது.

"பாய், உங்க அடுப்புக்கு மேல ஒரு பரண் இருக்கே, அதுல என்ன சூடு இருக்கும்?"

"ரஸ்க் காய வைக்கிற இடம் சார் அது. ஏன், ஏறிப் படுக்கப் போறீங்களா?"

டிசம்பர் 22

தேதி: மேற்படி. இடம்: ரஸ்க் பரண். தட்டுப்பெட்டியின் மேல் ஒட்டிய வெப்பமானி: நாற்பத்தாறு டிகிரி. நான்: பனியன், லுங்கி, தலையில் ஈரத் துண்டு. கீழே வாடிக்கையாளர்கள்.

"பாய், மேல என்ன?"

"கம்ப்யூட்டரு. வெந்துகினு இருக்கு. பத்து நிமிஷத்துல ஆயிடும்."

ஒரு டர்ர்ர்ர்-டக். பிறகு நிசப்தம். பிறகு, வாழ்நாளில் கேட்ட எந்தக் கச்சேரியிலும் கேட்காத ஒலி: டிக், டிக், டிக், டிக்... ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு படியாக. திரையில் பச்சை எழுத்தில் கோப்புகளின் பெயர்கள் எழும்பின. SNAIL1. SNAIL2. மூன்று, நான்கு, ஐந்து.

நான் ஆடிய ஆட்டத்தில் இரண்டு தட்டு ரஸ்க் கீழே விழுந்தது. நித்திலா ஏணியில் நின்றபடியே அழுதாள். வியர்வை என்றாள். இருக்கலாம், நாற்பத்தாறு டிகிரி.

டிசம்பர் 23

இன்று பேக்கரி விடுமுறை. வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

1990-இல் அந்த டிஸ்க் என் கடையில் படிக்கவில்லை. ஊரின் முதல் ஏ.சி. கடை. அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் அக்காவின் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வைத்திருந்தால், அன்றைக்கே, அந்த மத்தியானமே, எல்லாம் படித்திருக்கும். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஏனென்றால் அது செத்ததற்கு வேறொரு காரணம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் காரணத்தை இங்கே எழுத அவசியமில்லை. கரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 26

நான்கு அத்தியாயங்கள் நித்திலாவின் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டன. நத்தை வேகத்தில்தான் வந்தன, பொருத்தம்தானே. அவள் தட்டு முழுவதையும் தடம் தடமாகச் சோதித்து ஒரு வரைபடம் எடுத்தாள். எதையும் அளக்காமல் விடாத வம்சம்.

"மாமா, ஒரு அதிசயம். அறுநூத்திப் பதினஞ்சு தடத்துல ஒரே ஒரு இடத்துலதான் கீறல். நானூத்தி ரெண்டு. மத்த இடம் புதுசு மாதிரி இருக்கு."

"ஓ."

"நீங்கதானே சொன்னீங்க, பார்க் பண்ணாம அணைச்சா கடைசியா படிச்ச இடத்துல ஹெட் விழுந்து கிடக்கும், தூக்கிக் குலுக்கினா அங்கயே கீறும்னு?"

"பொதுவாச் சொன்னேன்."

"நானூத்தி ரெண்டுல இருந்தது அம்மா ஃபைல் இல்ல. BRICK-னு ஒரு கேம். கீறினது அதோட ஸ்கோர் வச்சிருந்த இடம்."

கீழே பாய் யாருக்கோ பன் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் என் கால்விரல்களை எண்ணினேன். பத்து.

"மாமா."

"பன் சாப்பிடுறியா?"

"அம்மாகிட்ட நான் சொல்லல. ஆனா ரிசப்ஷன்ல நீங்க மைக் புடிக்கக் கூடாது."

முக்கால் மணி நேர வாழ்த்துரை தயாராக இருக்கிறது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மிரட்டல்! பெற்ற மகள் போல் நினைத்தவள்! ஒப்புக்கொண்டேன்.

டிசம்பர் 28

ஐந்தாம் அத்தியாயம் மட்டும் வரவில்லை. நாற்பத்தாறில் டர்ர்ர்ர்-டக். நாற்பத்தெட்டில் டர்ர்ர்ர்-டக். ஐம்பதில் நான்தான் டர்ர்ர்ர்-டக் என்று ஏணியிலிருந்து இறங்கினேன்.

இன்னொரு கெட்ட செய்தி. தட்டைச் சுற்றும் மோட்டாரின் பேரிங் கிறீச்சிடத் தொடங்கிவிட்டது. மாலையில் நிறுத்திவிட்டு மறுபடி போட்டபோது சுற்றவில்லை. பெட்டியைக் கையால் ஒரு திருகு திருகிய பிறகே கிளம்பியது. என் அனுபவத்தில் சொல்கிறேன்: இன்னும் ஒருமுறை கிளம்பும். அரை மணி நேரம் ஓடும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு சூடாக வைத்துப் பார்க்க இனி அதற்கு உயிர் இல்லை. எந்தச் சூட்டில் எழுதினாளோ, நேராக அந்தச் சூட்டில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அது எந்தச் சூடு?

அதை அறிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

டிசம்பர் 30

நான்கு அத்தியாயங்களையும் அச்செடுத்து, சந்தனப் பொட்டு வைத்து, அக்காவிடம் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டாள். இரண்டு மணி நேரம் படித்தாள். ஒரே ஒருமுறை, நாற்பதாம் பக்கத்தில், "அட மக்கு" என்றாள். என்னை என்று நினைத்து நிமிர்ந்தேன். முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய தன்னைத்தான்.

கடைசித் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அஞ்சு எங்கடா?"

"வந்துகினு இருக்கு."

"முடிவே அதுலதான்டா இருக்கு. நத்தை ஏன் அகழியோட வடக்குப் பக்கம் மட்டும் முட்டை வைக்குதுன்னு. நாலு வரைக்கும் வெறும் எண்ணிக்கை."

"ஏன் வைக்குது?"

"மறந்துபோச்சுடா."

தாள்களை அடுக்கி அடுக்கி, ஏற்கெனவே நேராக இருந்தவற்றை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பினேன்.

ஜனவரி 2

கேட்கவில்லை.

ஜனவரி 3

வாசல்வரை போனேன். மாக்கோலம் நன்றாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

ஜனவரி 4

கேட்டுவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அஞ்சாவது அத்தியாயம் அடிச்சப்ப அந்த ரூம்ல எவ்ளோ சூடு இருந்துச்சு?"

யாராக இருந்தாலும் சிரித்திருக்க வேண்டிய கேள்வி. அவள் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

"முப்பத்தொண்ணு."

"எப்படிக்கா இவ்ளோ கரெக்டா?"

"நத்தைத் தொட்டிய அந்த ரூம்லதானே வச்சிருந்தேன். தெர்மாமீட்டர் தொங்கும். மே மாசம் பூரா முப்பத்தெட்டு. முட்டை எல்லாம் வெந்து செத்துச்சு. கடைசி வாரம் நீ டெய்லி ஐஸ் ஃபேக்டரியிலருந்து சாக்குல சுத்திப் பெரிய பெரிய பாளமா சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்துகினு வந்த. அண்டாவுல போட்டு டேபிள் ஃபேன் முன்னாடி வச்ச. ரூம் முப்பத்தொண்ணுக்கு வந்துச்சு. அந்த வாரம்தான் முட்டை பொரிச்சுது. மறக்குமா?"

நான் மறந்திருந்தேன். சத்தியமாக மறந்திருந்தேன். என் உலக சாதனைகளின் பட்டியலில் ஐஸ் இல்லை.

"உனக்கு சாக்கு ஈரத்துல சட்டை பூரா நனைஞ்சு சளி வேற புடிச்சுது," என்றாள் அக்கா. "ஏன்டா முழிக்கிற?"

அப்போது என் வாயிலிருந்து வந்தது என் வாக்கியம் அல்ல. அதில் ஒரு அலங்காரமும் இல்லை.

"அக்கா, அன்னிக்குக் கரண்டு போகல."

கத்தி நின்றது.

"நீ தலைக்குக் குளிக்கப் போனல்ல. ரிக்‌ஷா வர்றதுக்குள்ள ஒரு ஆட்டம்னு செங்கல் உடைக்கிற கேம் போட்டேன். நல்லா வந்துச்சு. விட முடியல. கீழ ரிக்‌ஷாக்காரர் கத்தினாரு. அப்படியே சுவிட்சை அணைச்சேன். பார்க் போடல. ஊர் பூரா சீட்டு ஒட்டினவன், பார்க் போடல. ரோடெல்லாம் பள்ளம். கடையில படிக்கலன்னதும் நான் கெடுத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். உண்மையில அது ஏ.சி. குளிருக்குத்தான் படிக்கல. உன் ரூமுக்கே திரும்ப எடுத்துகினு வந்திருந்தா அன்னிக்கே வந்திருக்கும். பயந்துகினு எடுத்துட்டு வரல."

மாமாவின் செய்தித்தாள் மெதுவாகக் கீழிறங்கியது. முப்பது வருடத்தில் முதன்முறையாக அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

அக்கா ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள்.

"எவ்ளோ?"

"என்னக்கா எவ்ளோ?"

"ஸ்கோரு."

"நாப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தம்பது."

"அது நெறையவா?"

"உலக சாதனைக்கா. ஆனா சான்று இல்ல. கீறல் விழுந்தது சரியா அது மேலதான்."

"ஹ்ம்," என்றாள். எழுந்து உள்ளே போனாள். குக்கர் மூன்று விசில் அடித்தது, அவள் அணைக்கவில்லை. நான்காவது. ஐந்தாவது. நான் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டேன். அப்போது உள்ளிருந்து குரல்:

"ஐஸ் நீ வாங்குவியா, நான் சொல்லிவிடட்டா?"

ஜனவரி 6

தேதி: மேற்படி. இடம்: ரஸ்க் பரணில் அடுப்புக்கு எட்டாத மூலை (பெட்டியைக் கீழே இறக்கிக் குலுக்கத் துணிவில்லை). ஐஸ்: மூன்று பாளம், மீன் மார்க்கெட் பக்கத்து ஃபேக்டரி. அண்டா: பாய் வீட்டுப் பிரியாணி அண்டா. ஃபேன்: ஒன்று. அக்கா: ஏணியின் ஐந்தாவது படியில், புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் தன் சொந்தத் தெர்மாமீட்டர் (காற்றை அளக்க; ஓடும் பெட்டி அதைவிட எட்டு டிகிரி கூடச் சுடும், அவளுடைய முப்பத்தெட்டுதான் என் நாற்பத்தாறு).

"முப்பத்திமூணு. ஃபேனைக் கிட்ட தள்ளு. முப்பத்திரெண்டு. போதும்டா, போதும், முப்பதுக்குப் போவுது! இழு! மக்கு, இழு!"

"முப்பத்தொண்ணு!" என்று நித்திலா கத்தினாள். கீழே ஒருவர் முப்பத்தொன்று பன்னுக்குப் பணம் கொடுக்க முயன்றதாகப் பாய் பிறகு சொன்னார்.

பெட்டியைத் திருகினேன். சுற்றவில்லை. மறுபடி திருகினேன். பேரிங் அலறியது, கிளம்பியது.

டர்ர்ர்ர்-டக்.

அக்கா என் தோளைப் பிடித்தாள். அவளுக்கு இந்தச் சத்தத்தின் அர்த்தம் யாரும் சொல்லவில்லை; ஆனாலும் பிடித்தாள்.

டிக். டிக். டிக். டிக்.

பதினெட்டு நிமிடம். ஐம்பத்திரண்டு பக்கங்கள். கடைசிப் பக்கம் வந்து சேர்ந்ததும் அலறல் உச்சத்துக்குப் போனது. நின்றுவிடுவதற்குள் நான் விசைப்பலகைக்குப் பாய்ந்து நான்கே எழுத்து அடித்தேன். PARK. ஹெட் மெல்ல நகர்ந்து, ஓரத்தில் போய்ப் படுத்தது. பிறகே சுவிட்சை அணைத்தேன். இனி அது சுற்றப் போவதில்லை என்று தெரிந்தும்தான்.

அக்கா ஏணியில் நின்றபடியே மடிக்கணினியில் படித்தாள். உதடுகள் அசைந்தன. பிறகு ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நிழல்டா! கோட்டைச் சுவரோட நிழல் அங்கதான் விழுது. குளிர்ச்சி. குளிர்ச்சியா இருந்தாத்தான் பொரிக்கும். ஐஸ் வச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது, அதை இங்க எழுதி வச்சிருக்கேன் பாரு!"

ஜனவரி 11

நேற்றுப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும். பெயர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. வேட்டி மட்டும் வாங்கி வைத்தேன். நம்பிக்கையில் அல்ல, தள்ளுபடியில்.

ஜனவரி 16

தை இரண்டு. முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கே வந்தார்கள். தாய்மாமனுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று மாமா சொன்னார். மாமா பேசினார்!

பிரித்தேன். கும்மிடிப்பூண்டிக்காரன் ஒரு மூலைக்குப் போயிருந்தான். பட்டம் எடுபட்டிருந்தது. நடுவில், தங்க எழுத்தில்:

தாய்மாமன்: திரு. வே. கோதண்டபாணி, 48,650

"அக்கா, இது என்னக்கா?"

"சான்று இல்லன்னியே."

"எத்தனை பத்திரிகை அடிச்சிருக்க?"

"எண்ணூறு."

"எல்லாரும் கேப்பாங்களேக்கா, இது என்ன நம்பர்னு!"

"கேக்கட்டும். சொல்லு."

பிப்ரவரி 8

மணமேடையில் மாலை எடுத்துக் கொடுத்தேன். பட்டு வேட்டியில் நான் வந்ததைப் பார்த்து நாதஸ்வரக்காரரே ஒரு நிமிடம் வாசிப்பை நிறுத்தினார் (மூச்சு வாங்குவதற்காக என்று நித்திலா சொல்கிறாள்). மைக்கை நான் தொடவில்லை. தேவைப்படவும் இல்லை: ஒவ்வொருவராக என்னிடமே வந்தார்கள்.

"ஏம்ப்பா, போன் நம்பரா? இலக்கம் குறையுதே?" என்றார் ஆரணி சித்தப்பா. "லாட்டரியா?" என்றார் இன்னொருவர். ஒரு பெரியம்மா அதை என் பென்ஷன் என்று நினைத்து எனக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னார். முதல் மூன்று பேருக்கு, பழக்கதோஷம், கதையைக் கரண்டிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது ஆள் கேட்டபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அதன்பிறகு நூற்றுப் பதினான்கு பேருக்கு, பூஜ்ஜியத்திலிருந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பார்க் போடாததையும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஐஸைப் பற்றி நான் சொல்லவில்லை. அதை அவள் சொன்னாள்.

மத்தியானம் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தாசில்தார், இலையிலிருந்து நிமிர்ந்து, "இவர் யாருங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா பாயசக் கரண்டியை ஒரு நொடி நிறுத்தினாள்.

"எந்தம்பி," என்றாள். "நாப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தம்பது."